செர்வா மேடத்தோட இடது கை

கானா நாட்டுல, எங்க குமாசி ஊர்ல ஒருத்தருக்கு இடது கையால எதையாவது நீட்டினா, மூஞ்சியில துப்பினதுக்குச் சமம். வேற வழியில்லேன்னா, "மன்னிச்சுக்குங்க, இடது கை"ன்னு சொல்லிட்டுத்தான் நீட்டணும். செர்வா மேடம் அதைக்கூடச் சொல்லல. அதுவும் நானா ஒபெங் முன்னாடி.

நான் அஃப்ரியே. மேடத்தோட தொழில் ஆலோசனைக் கம்பெனியில ஆரம்பத்துலேர்ந்து ஆபீஸைப் பார்த்துக்கிறவ. மேடம் பொறவியிலேயே இடது கைக்காரி. அம்மா சந்தையில வாழைக்காய் வறுத்து வித்தவங்க. மக இடது கையால பொட்டலம் நீட்டுறான்னு வாங்க வர்றவங்க முறைக்கவே, அந்தக் கையை முதுகோட சேர்த்துக் கட்டிவெச்சாங்க. அழுது அழுது வலது கைக்கு வந்த பிள்ளை. கம்பெனித் தலைவரான பிறகும் மரியாதை தப்பினவங்க பருப்பு அவங்ககிட்ட வேகாது. எந்தத் தொழிலுக்கு யோசனை சொல்லப் போனாலும் முதல்ல வாட்ச்மேன், மூட்டை தூக்குறவங்க பேச்சைத்தான் கேப்பாங்க. முதலாளி கடைசி. "நோவு எங்கன்னு காலைக் கேளு, தொப்பியைக் கேக்காதே"ம்பாங்க.

நானா ஒபெங் கோகோ ஏத்துற லாரிங்களுக்கு முதலாளி, எங்க பக்கத்துல பெரிய மனுஷர்; 'நானா'ங்கிறது பெரியவங்களுக்கு நாங்க கொடுக்குற மரியாதைப் பட்டம். அவரோட வேலை கிடைக்கலேன்னா எங்க கம்பெனிக்குப் பூட்டுதான். அன்னைக்கு மேடம் பேசிக்கிட்டே இருந்தவங்க சட்டுன்னு நிறுத்தினாங்க. மேசையில இருந்த அறிக்கையை எடுத்து, இடது கையால அவர்கிட்ட நீட்டினாங்க.

பழைய பழக்கம் தலைதூக்கிருச்சுன்னுதான் நெனச்சேன். நானாவோட ஆளுங்க எழுந்துட்டாங்க.

"வாழைக்கா விக்கிறவ மக புத்தி எங்க போகும்?"ன்னான் ஒருத்தன்.

எங்க துணைத்தலைவர் யாவ் கால்ல விழாத குறையா மன்னிப்புக் கேட்டான். "மேடம், கையை மாத்துங்க"ன்னு நான் அவங்க காதைக் கடிச்சேன். அவங்க நீட்டினது நீட்டினபடியே நின்னாங்க.

நானா மட்டும் அவங்க முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"வாயை மூடுங்கடா. அந்தப் பொண்ணு வாயைப் பாருங்க, ஒரு பக்கமா கோணுது. என் பொண்டாட்டிக்கும் இப்படித்தான் வந்துச்சு. வண்டியை எடுங்க."

பக்கவாதம். வலது கை செத்துப்போய்த் தொங்குது, மன்னிப்புக் கேக்க நாக்கு எழல. த்தூ, நாங்கள்லாம் மனுஷங்களா? கண்ணு முன்னாடி ஒருத்தி சாஞ்சுக்கிட்டிருக்கா, நாங்க அவ கையைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்.

மழைக்காலம் முடிஞ்சுதான் மேடம் ஆபீஸுக்கு வந்தாங்க. பேச்சு பாதி திரும்பியிருந்துச்சு, வலது கை திரும்பல. யாருக்கும் ஒரு தண்ணி டம்ளர்கூட எடுத்துக் கொடுக்காம, இடது கையை மடியில ஒளிச்சு உக்காந்திருந்தாங்க.

"என் கையால இனி யாரு எதை வாங்குவாங்க, அஃப்ரியே? நாற்காலியை யாவுக்குக் கொடுத்துர்றேன்."

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. பதில் சொல்றதுக்குள்ள நானா ஒபெங் ஆளுங்களோட உள்ள வந்தார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்தார். அத்தனை பேரும் பார்த்துக்கிட்டிருக்க, இடது கையால மேடத்துக்கிட்ட நீட்டினார்.

"நானா, கை..."ன்னு அவர் ஆளு ஒருத்தன் இழுத்தான்.

"எனக்குத் தெரியும்டா."

மேடம் மடியிலேர்ந்து கையை மெதுவா எடுத்து அதை வாங்கினாங்க. "மன்னிச்சு..."ன்னு குழறினாங்க.

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்குறே? இன்னைக்கு முதல்ல நீட்டினது நாந்தானே"ன்னார் நானா.