கஷ்டத்தைக் காட்டத் தெரியாத வீடு

மொழிபெயர்ப்பாளரின் நாற்காலி எப்போதும் இருவருக்கு நடுவில் போடப்படுகிறது. அதில் அமர்பவர் தம் சொந்தச் சொல் ஒன்றையும் சேர்க்கக் கூடாது, பிறர் சொல் ஒன்றையும் விழுங்கக் கூடாது. ஒஸ்லோவில் முப்பது ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தேன். ஓய்வு பெற்ற பின்பும் தெரிந்தவர்களோடு அலுவலகங்களுக்குப் போய் வருகிறேன். வங்கியின் கடித உறையைத் திறக்கத் துணியாமல் இரண்டு நாள் மேசையில் வைத்திருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமாயின், இந்தத் தம்பதியைப் புரிந்துகொள்வீர்கள். அவர்களது அனுமதியோடும் பெயர்களை மாற்றியும் எழுதுகிறேன்.

கடிதம்

சபாநாதன் பேருந்து ஓட்டுநர்; வேலைக்குப் போதுமான நோர்வே மொழி தெரியும், வங்கிப் பேச்சுக்கு நான் வேண்டும். முதுகுத்தண்டில் அறுவைச் சிகிச்சையான பிறகு சம்பளம் பாதியாயிற்று; அதே காலத்தில் வீட்டுக் கடன் வட்டி ஏறிற்று. ஒஸ்லோவுக்கு வெளியே ஸ்ட்ரோம்மன் என்ற ஊருக்கு அருகே அவர்கள் இருபது ஆண்டுகளாக வாழ்ந்த வீடு, அதன்மேல் இருந்த கடனை விடக் குறைவான விலைக்கே போகும் நிலை. அப்படி விற்க வங்கி சம்மதிக்க வேண்டும். மறுத்தால் நீதிமன்றம் வழியாகக் கட்டாய விற்பனை. விலை இன்னும் விழும், மிச்சக் கடன் முதுமை வரை துரத்தும். சம்மதம் பெறுவதற்கு முதற்படி, தங்கள் நிலைமையை விளக்கும் ஒரு கடிதம்.

அவர் தமிழில் எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். "இறைவன் அருளால் நாங்கள் குறைவின்றி இருக்கிறோம்" என்று தொடங்கியது. குறை இருக்கிறது என்று சொல்லத்தானே இக்கடிதம் என்றேன். "இல்லை எண்டு எழுத எனக்குக் கை வருகுதில்லை அக்கா, நீங்களே ஏதும் எழுதுங்கோ" என்றார். அது என் தொழிலுக்கு முரண் என்று மறுத்துவிட்டேன். பேனாவைப் பிடித்தபடி அரை மணி நேரம் அமர்ந்திருந்தார். அவருடைய மனைவி யோகேஸ்வரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"வடக்கிலை பாட்ஸ்பியோர்ட் மீன் ஆலையிலை ஐஸுக்கை கையை விட்டு மீன் வெட்டின மனிசன், ஒரு வசனம் எழுத விறைக்குதாம்."

மதிப்பீட்டாளர்

கடைசியில் வருமானத்தை எழுதி அவர் அனுப்பிய கடிதத்தைப் பார்த்து, வீட்டையும் நிலைமையையும் மதிப்பிட வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் வருவதற்கு முதல்நாள், குனிய முடியாத சபாநாதன் முக்காலியில் அமர்ந்து வரவேற்பறைச் சுவருக்கு வெள்ளை பூசி முடித்திருந்தார். மேசையில் ரோல்ஸ், வடை, விருந்தினருக்கென்று எடுத்துவைத்த கோப்பைகளில் தேநீர். கஷ்டம் என்று சொல்லிவிட்டு இந்தக் கோலத்தில் வீட்டைக் காட்டலாமா என்று யோகேஸ்வரியைக் கண்டிப்புடன் கேட்டேன். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லை என்றார்.

மதிப்பீட்டாளர் மூன்றாவது வடையை முடித்துவிட்டு, தம் படிவத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி மிகவும் பணிவாகக் கேட்டார்:

"இந்த வீட்டில் கஷ்டம் எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குக் காட்ட முடியுமா?"

குளியலறை

கஷ்டம் குளியலறையில் இருந்தது; ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. விற்பவர் கையொப்பமிட வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி: குளியலறை போன்ற ஈர அறைகளில் தகுதிச் சான்று பெற்ற தொழிலாளி அல்லாதவர் எவரேனும் வேலை செய்தாரா? "இல்லை" என்று சபாநாதன் உடனே குறியிட்டார். டைல்ஸ் பதித்தவர் யார் என்றேன். "நான்தான். பன்னிரண்டு வருசம், ஒரு சொட்டு ஒழுகேல்லை. என்னட்டைத் தகுதி இல்லையெண்டு ஆர் சொன்னது?" உண்மையில் அதைவிட நேரான வரிசையை நான் எங்கும் கண்டதில்லை.

குறியை மாற்றினால் விலை குறையும், வங்கியின் நட்டம் கூடும், சம்மதம் கிடைக்காமற்போகலாம் என்று விற்பனையைப் பொறுப்பேற்றிருந்த வீட்டு முகவர் எச்சரித்ததை அப்படியே தமிழில் சொன்னேன். என் கருத்தைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அன்று எளிதாக இருக்கவில்லை. சபாநாதன் மனைவியைப் பார்த்தார். யோகேஸ்வரி படிவத்தை அவர் பக்கம் தள்ளினார்.

"வாங்கிற பிள்ளையளும் கடன்பட்டுத்தானே வாங்கப் போகினம், உள்ளதை எழுதுங்கோ."

பார்வை நாள்

வாங்க விரும்புவோர் வீடு பார்க்க வரும் நாளில் உரிமையாளர் அங்கே இருக்கக் கூடாது என்பது இந்நாட்டு வழக்கம். "ஆக்கள் வீட்டை வர, நாங்கள் தெருவிலை நிக்கிறதோ?" என்று யோகேஸ்வரி பொருமினார். ஆயினும் மூவரும் எதிரேயிருந்த பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றோம்.

உருகிய பனி மீண்டும் உறைந்து வாசற்படி கண்ணாடியாகியிருந்தது. நிறைமாதப் பெண் ஒருத்தி வழுக்கி, கணவனின் தோளைப் பற்றிக்கொண்டாள். நான் தடுப்பதற்குள் சபாநாதன் தெருவைக் கடந்துவிட்டார். படியின் கீழிருந்த வாளியை எடுத்து, முதுகைப் பிடித்துக்கொண்டு, வழுக்காதிருக்க ஒவ்வொரு படிக்கும் சரளைக்கல் தூவினார். கட்டடப் பராமரிப்பாளரா என்று அந்த இளைஞன் கேட்டான். சபாநாதன் நோர்வே மொழியில் பதில் சொன்னார். அதை மாற்றமின்றித் தமிழில் தருகிறேன்.

"ஆம், இருபது ஆண்டுகளாக."

வங்கி

அந்த இளம் தம்பதியே விலை கேட்டார்கள். குளியலறையைக் காரணம் காட்டி, முகவர் எதிர்பார்த்ததைவிடக் குறைத்தே கேட்டார்கள். பதிலுக்காக வங்கிக்குப் போனபோது யோகேஸ்வரி ஒரு டப்பாவில் வடை கொண்டுவந்திருந்தார். அதை வெளியே எடுக்க நான் அனுமதிக்கவில்லை.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். விற்பனைக்குச் சம்மதம் என்றார். மிச்சக் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்து, மீதியைச் சிறு தவணைகளாகச் செலுத்த ஒழுங்கு செய்திருந்தார். சபாநாதன் நம்பாமல் இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். ஏன் சம்மதித்தீர்கள் என்றும் கேட்கச் சொன்னார். கிடைத்த பிறகு ஏன் என்று கேட்பதா என எண்ணினேன், ஆயினும் கேட்டேன். அதிகாரி கோப்பிலிருந்த படிவத்தில் குளியலறைக் கேள்வியைத் தட்டிக் காட்டினார்:

"தமக்கே பாதகமான பதிலை எழுதியவர், தம் வருமானத்தைப் பற்றி மட்டும் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை."

இல்லாமையை நிரூபிப்பதில் இவ்வளவு திறமையற்ற இருவருக்கு என் முப்பது ஆண்டுத் தொழிலில் நான் மொழிபெயர்த்ததே இல்லை.