பனங்காலத்து இராப்போசனம்

எங்கள் அப்பா பாறசாலைக்குக் கிழக்கே ஒரு பனைவிளையில் பிறந்தார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்து, பதினைந்தில் பனை ஏறத் தொடங்கினார். அப்பாவைப் பெற்றவரும் பனையேறிதான். ஓய்வுநாளாகிய ஞாயிறன்று பனை ஏறிய குற்றத்துக்காகச் சபையார் முன் நின்றவர்தான். எங்கள் வீட்டைப் பற்றி "பரம்பரைப் பாவம்" என்று ஊரார் கேலி பேசுவது பழைய கதை.

பனைக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. காலையும் மாலையும் பாளையைச் சீவாவிட்டால் பட்டுப்போகும். பதநீர் இறங்கும் பனங்காலத்தில் அப்பா ஞாயிறு விடியுமுன் ஏறி இறங்கி, குளித்து, ஆலயத்துக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். மாதம் ஒருமுறை ஆலயத்தில் அப்பம் பகிரும் இராப்போசனத்துக்கு முந்தின சனிக்கிழமை, ஆயத்தக் கூட்டத்தில் தாமே எழுந்து குற்றத்தைச் சொல்லுவார்.

"இனி ஏறுவீரா?" என்று கேட்பார் போதகர் அய்யர்.

"ஏறுவேன் அய்யரே. மன்னிப்பும் வேணும்."

சபை சிரிக்கும். அந்த மாதம் அப்பாவுக்கு அப்பம் கிடையாது.

நான் மிஷன் பள்ளி வாத்தியாராகி, சபையில் டீக்கனும் ஆனபின், அப்பத் தட்டு என் கைக்கு வந்தது. அப்பாவைத் தாண்டிப் போகும்போது அவர் தட்டையே பார்ப்பார். வெட்கம் தாளாமல் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏறமாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னப்பா?"

"பொய்யும் சொல்லி அப்பமும் திங்கணுமாக்கும்? போ மக்கா."

அந்த ஞாயிற்றுப் பதநீரையும் சேர்த்துக் காய்ச்சிய கருப்பட்டிதான் என்னைப் படிக்க வைத்தது. அது அன்று என் மண்டையில் ஏறவில்லை.

சென்ற பங்குனியில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். மூன்று ஞாயிறு ஏறவில்லை; அவருக்குப் பதில் என் தம்பி ஏறினான். இனித் தடையில்லை, வீட்டுக்கே அப்பம் கொண்டுவருகிறேன் என்றார் அய்யர்.

"காலுதான் ஏறல்ல அய்யரே. மனசு ஏறிட்டுதான் கிடக்கு."

"இருக்கட்டும். கொண்டுவருகிறேன்."

அந்த ஞாயிறு அப்பாவை விட்டுவிட்டு ஆலயத்துக்குப் போனேன். தட்டு தூக்க டீக்கன் வேண்டுமே! ஆராதனை முடிந்து அய்யரோடு திரும்பியபோது, இடுப்பில் பாளை அரிவாளோடு தம்பி வாசலில் நின்றான்.

"பாளை சீவியாச்சான்னு கேட்டாரு. ஆச்சுன்னேன். அதுக்குப் பொறவு பேசல்ல அண்ணா."

அய்யர் உள்ளே போய் ஜெபித்தார். பிறகு, துணியில் பொதிந்திருந்த அப்பத்தை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார்.

"நான் இன்னைக்கு ஏறினேன் அய்யரே."

"தெரியும்" என்றார் அய்யர்.

அப்பாவின் பெட்டியைச் சுமந்தவர்கள், கல்லறை வெட்டியவர்கள், மூன்று நாளும் கஞ்சி கொண்டுவந்த அயல்வீட்டார், எல்லாருக்கும் எங்கள் நன்றி. அய்யருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இந்தப் பனங்காலமும் தம்பி ஏறுகிறான். சனிக்கிழமை ஆயத்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கிறான். அவன் பக்கத்தில் நானும் நிற்கிறேன். அப்பா இருந்தபோதே நின்றிருக்கலாம்.