சோணையம்மாள் மதிப்புப் போட்ட தக்காளிக் கம்பெனி

சோணையம்மாளுக்கு எழுத்துத் தெரியாது; புளியமரம் தெரியும். நாகமலை புதுக்கோட்டை ரோட்டில் நின்று அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தால், இந்த மரம் நாலு மூட்டை, அந்த மரம் ஆறு மூட்டை என்று சொல்லிவிடுவாள். வருசா வருசம் சாலை மரங்களை ஏலம் எடுத்து, காய் உலுக்கி விற்றுத்தான் மகள் ரோகிணியைக் கட்டிக் கொடுத்தாள்.

தொண்ணூற்று நாலில், தைமாத ஏலத்துக்கென்று முப்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தாள். அதன் வாசம் மருமகன் தங்கப்பாண்டியின் மூக்குக்கு எட்டிவிட்டது. காலேஜ் படித்த மாப்பிள்ளை அல்லவா, வழுவழுவென்று ஒரு புத்தகத்தோடு வந்து இறங்கினார்.

“அயித்தே, பரவைப் பக்கம் தக்காளிச் சாறு கம்பெனி. பத்து ரூவாப் பங்கு இப்பத் தொண்ணூறு! உங்க பணத்தைப் போட்டா தைக்குள்ள டபுள்.”

“பங்குன்னா என்ன மாப்ள?”

“கம்பெனில ஒரு துண்டு உங்களுக்குச் சொந்தம்.”

“சரி, அந்தத் துண்டு வருசத்துக்கு எம்புட்டுக் காய்க்கும்?”

மாப்பிள்ளை புரட்டு புரட்டென்று புரட்டினார். முதலாளி சிரிக்கிற படம் ஏழு பக்கத்தில் இருந்தது. லாபக் கணக்கு கடைசிப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி.

“ஒன்றரை ரூவா.”

“போட்ட முதல் திரும்பவே அறுவது வருசமா? எனக்கு இப்பவே அம்பத்தெட்டு.”

“விலை ஏறுதுல்ல! போன மாசம் எழுவதுதான்.”

“மரம் அதே மரந்தானே? ஒரு மாசத்துல புதுக் கிளையா விட்டுருச்சு?”

நேரில் நின்று பார்க்காமல் அவள் எதற்கும் மதிப்புச் சொன்னதில்லை. பஸ் ஏறிப் போனாள். தக்காளி கிலோ அரை ரூபாய்க்குச் சீரழிந்த வாரம் அது. பரவைச் சந்தையில் மாடு கூடத் தின்று சலித்துப் போய்ப் படுத்திருந்தது. கம்பெனி வாசலிலோ ஒரு தக்காளி வண்டி இல்லை. கேட்டுக்குப் புதுப் பெயிண்டும் வரிசையாய் ரோஜாச்செடியும் இருந்தன.

“மிஷின் வந்ததும் ஓடும் ஆத்தா” என்றார் வாட்ச்மேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினாள். மாப்பிள்ளை, பாவம், ஸ்கூட்டர் வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டார். மார்கழிக்குள் தொண்ணூறு ரூபாய்ப் பங்கு ஒன்பது ரூபாய்க்கு இறங்கிவிட்டது. சோணையம்மாள் தெருவில் எட்டு வீட்டுக்குத்தான் சொன்னாள். ஒன்பதாவது வீடு பூட்டியிருந்தது.

தை பிறந்து ஏலம் வந்தது. பஸ்ஸில் அடங்கி ஒடுங்கிக் கூட வந்த மாப்பிள்ளைக்குப் பாடமும் நடந்தது: “நாப்பது மரம். பதினெட்டாயிரத்துக்கு மேல ஒரு பைசா பெறாது. பார்த்துக் கத்துக்கங்க.”

ஏலத்தில் எதிரே நின்றவள் சீனியம்மாள். இருபது வருசமாக இந்த மரங்களுக்குப் போட்டி. பக்கத்து ஆளிடம் சத்தமாகவே சொன்னாள்:

“சோணைக்கு வயசாயிருச்சு. பதினெட்டோட கை இறங்கிரும் பாரு.”

போதாதா? சோணையம்மாள் கை மேலே போனது. இருபது, இருபத்தஞ்சு, இருபத்தெட்டு. முப்பதாயிரத்தில் ஏலம் சோணையம்மாள் தலையில் விழுந்ததும், சீனியம்மாள் சிரித்துக்கொண்டே முந்தானையை உதறிக் கிளம்பினாள்.

தங்கப்பாண்டி மெல்லக் கேட்டார்: “அயித்தே, மரம் அதே மரந்தானே?”

“பேசாமப் போயி சாக்கு வாங்கிட்டு வாங்க மாப்ள.”