கேடயக்காவின் வலது கை

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் என் அண்ணனே நம்பமாட்டான். நாத்தனார் எழுதுகிற எழுத்தில் எத்தனை ஊசி ஒளிந்திருக்குமோ என்று பயப்படுவான். ஊசி இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்த முறை அது குத்தப்போவது என்னை.

அண்ணிக்கு வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருடம் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவில் இருந்தார். நாற்பது மடிப்புத் துணியை நீள மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சாக்குக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் வெட்டும் இயந்திரத்தை ஓட்ட வேண்டும். கை நூலளவு பிசகினால் நாற்பது சட்டையும் போச்சு. அந்த அதிர்விலேயே வலது மணிக்கட்டு நரம்பு நசுங்கியது. முதலில் விரல் மரத்தது. பிறகு சாவியைப் பிடித்தால் பிடித்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள். சரியாயிற்று. ஆனால் மருத்துவர் அனுப்பும்போது ஒன்று சொல்லி அனுப்பினார். "மறுபடி மரத்துப்போச்சுன்னா தள்ளிப்போடாம வாங்க. ரெண்டாவது தடவை வந்தா கை முழுசா திரும்பும்னு என்னால உத்தரவாதம் கொடுக்க முடியாது."

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த அண்ணியோடு ஒரு மாதம் யாராலும் பேச முடியவில்லை. உப்பு டப்பாவை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்பதற்காக அண்ணனோடு இரண்டு நாள் மௌனம். நான் வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் சண்டைகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை பார்க்கிறேன். விரலுக்குப் பயிற்சி வேண்டும் என்று மருத்துவர் சொன்னதால் பட்டன் அழுத்தி விளையாடும் ஒரு கன்ட்ரோலரைக் கொண்டுபோய் அவர் மடியில் போட்டேன். "இதை வச்சு நான் என்ன பண்ண?" என்றார். ஒரு வாரத்தில் நான் எழுதிய சண்டையில் பதினோரு தப்பு கண்டுபிடித்து, நோட்டில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தார். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்த்தான் அவருக்கு, விளையாடிப் பார்த்துத் தப்பு கண்டுபிடிக்கும் டெஸ்டர் வேலை வாங்கினேன். சிபாரிசு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது பழங்காலக் கோட்டைப் போர் பற்றிய விளையாட்டு. நாயகி கோட்டை வாசல் காவல்காரியாகத் தொடங்குவாள். ஒவ்வொரு சண்டையில் ஜெயிக்கும்போதும் அவளுக்குப் பாயிண்ட் கிடைக்கும். அதை வாள், கேடயம், உயிர் என்ற மூன்றில் எதில் வேண்டுமானாலும் போட்டு அவளை வளர்க்கலாம். வாளில் போட்டால் ஓங்கி அடிப்பாள். உயிரில் போட்டால் எத்தனை அடி விழுந்தாலும் தாங்குவாள். கேடயத்தில் போட்டால், எதிரி வெட்டு விழுகிற அந்தக் கணத்தில் சரியாகப் பட்டனை அழுத்தும்போது, அவன் வாளே அவனைத் திருப்பித் தள்ளிவிடும்.

எல்லா டெஸ்டர்களும் வாளில் போட்டார்கள். அண்ணி இருப்பதை எல்லாம் கொண்டுபோய்க் கேடயத்தில் கொட்டினார். உயிரில் ஒரு பாயிண்ட் கூடக் கிடையாது. "அதுல எதுக்குப் போடணும்? நிறைய அடி வாங்கறதுக்கா? வாங்கற அளவுக்கு விட்டாத்தானே!" என்பார். அதனால் அலுவலகத்தில் அவருக்குக் கேடயக்கா என்று பெயர் விழுந்தது. மேலாளர் உட்பட எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அண்ணிக்கு அதில் உள்ளூரப் பெருமை.

ஏழாவது கட்டத்தில் ஒற்றைக்கண் தளபதி ஒருவன் வருவான். நான் எழுதியதிலேயே கொடூரமானவன். மற்ற நான்கு டெஸ்டர்களும் அவனிடம் தர்ம அடி வாங்கினார்கள். அண்ணியோ சுவரோரம் இருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவனை ஊதித் தள்ளினார். "வாளைப் பாக்காதே, தோளைப் பாரு. தோள் எறங்கினா வெட்டு வருதுன்னு அர்த்தம்." அவ்வளவுதான் ரகசியம். நோட்டில் 'லேசு' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

மற்றவர்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். "ஏதோ தப்பா இருக்குங்க. சரியாத்தான் அழுத்துறோம், எடுக்க மாட்டேங்குது." எனக்கு வந்ததே கோபம்! "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். எங்கண்ணிக்கு நாப்பத்தாறு வயசு, ஆபரேஷன் பண்ணின கை. அவங்க அடிக்கிறாங்க. உங்களுக்கு என்ன கேடு?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன். போதாததற்கு, அண்ணி லேசு லேசு என்று எழுதுகிறாரே என்று தடுக்கக் கிடைக்கும் அவகாசத்தை இன்னும் குறைத்தேன். அண்ணி அதையும் ஒரே நாளில் பழகிக்கொண்டார்.

பிறகு புது கம்ப்யூட்டர்கள் வந்தன. சுவரோரத்துப் பழையதைத் தூக்கிக்கொண்டுபோய் வரவேற்பறையில் வருகைப் பதிவுக்கு வைத்தார்கள். மேலாளரிடம் சண்டை போட்டு, வந்ததிலேயே நல்லதாக ஒன்றை அண்ணிக்கு வாங்கிக் கொடுத்தேன். நாத்தனார் செய்த நல்ல காரியம் என்று மார்தட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் மூன்று வாரம் அண்ணி வாயே திறக்கவில்லை. வேலை மும்முரம் என்று நினைத்தேன். விளையாட்டு வெளியாக ஆறு வாரம்தான் இருந்தது. எனக்கும் யாரையும் நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லை. நடுவில் அண்ணன் போனில், "உன் அண்ணி டம்ளரைப் போட்டு உடைச்சுட்டு, என்னைத் திட்டறா" என்றான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறெதையோ தேடப்போய், டெஸ்டர்கள் சேமித்து வைத்த ஆட்டங்களைத் திறந்து பார்த்தேன். அண்ணியுடையதும் வந்தது. கேடயம்: பூஜ்யம். வாள்: பூஜ்யம். முப்பத்தொரு பாயிண்டும் உயிரில் இருந்தது.

வேறு யாராவது என்றால் சும்மா போயிருப்பேன். அடி வாங்குகிற அளவுக்கு விடமாட்டேன் என்று சொன்ன மனுஷி, இனி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவு பண்ணியிருக்கிறார். குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு அவரைத் தேடிப் போனேன்.

அண்ணி இடத்தில் இல்லை. மேசையில் அவருடைய நோட்டு இருந்தது. அதில் எப்போதும் நான்கு கட்டம்: என்ன நடந்தது, எந்த இடத்தில், எத்தனை முறை, காரணம். கடைசி இரண்டு பக்கம் முழுக்கத் தளபதிதான். வெட்டைத் தடுக்க முடியவில்லை, ஒன்பது முறை. வெட்டைத் தடுக்க முடியவில்லை, பதினான்கு முறை. பதினேழு வரி. பதினேழிலும் காரணம் என்ற கட்டத்தில் பென்சிலால் ஒரே வார்த்தை எழுதியிருந்தார். 'கை.'

அவர் திரும்பி வந்தபோது நோட்டு என் கையில் இருந்தது.

"அடுத்தவங்க நோட்டை எடுக்கக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அண்ணி, கை மரத்துப்போகுதா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"மரத்த மாதிரி இல்ல. ஆனா தோள் எறங்குறது கண்ணுக்குத் தெரியுது, அழுத்தறேன், லேட்டாப் போகுது. அன்னிக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது? நான் நெனச்சது ஒண்ணு, கை செஞ்சது ஒண்ணு." நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். "வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு எழுதி வச்சிருக்கேன். உங்கண்ணன் கிட்ட மூச்சு விடாதே. போய்ட்டு வந்து நானே சொல்றேன். அப்புறம் இந்த வேலையும் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன். தப்பான கையை வச்சுக்கிட்டு உன் ஆட்டத்துல தப்பு தேடறது நியாயம் இல்ல."

கிண்டல் தவிர வேறு பாஷையில் நானும் அவரும் பேசிக்கொண்டதே இல்லை. நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு வரவேற்பறைக்குப் போனேன். அண்ணி ஜெயித்துக்கொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதில் விளையாட்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. தளபதியைத் திறந்தேன். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவனை எழுதியவள் நான்தான் என்றாலும், நேர்மையாக ஆடினால் ஐந்துக்கு ஒரு தடவைகூட என்னால் அவனை ஜெயிக்க முடியாது. சோதிக்கும்போது உயிர் குறையாதபடி வைத்துக்கொண்டுதான் ஆடுவேன்.

அன்று ஜெயித்தேன். மறுபடி ஆடினேன், ஜெயித்தேன். ஐந்து தடவையும் ஜெயித்தேன். ஐந்தாவது தடவை வேண்டுமென்றே தாமதமாக அழுத்தினேன். அப்படியும் கேடயம் தடுத்தது.

என் இடத்துக்கு ஓடி, இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதி, பிறகு எண்ணை மட்டும் குறைத்திருந்த வரியைத் திறந்தேன். தடுப்பதற்கான அவகாசத்தை நொடிக் கணக்கில் எழுத வேண்டிய நான், 'ஒன்பது படம்' என்று எழுதி வைத்திருந்தேன். திரையில் ஓடுவது வரிசையாக வரும் படங்கள்தான். மற்ற டெஸ்டர்களுடைய கம்ப்யூட்டரிலும் இப்போது வந்த புதுசிலும் நொடிக்கு அறுபது படம் வரும். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் திணறித் திணறி முப்பதுதான் வரும். அங்கே ஒன்பது படம் நகர எவ்வளவு நேரமோ, இங்கே அதில் பாதி. தளபதி வாள் வீசும் வேகம் இரண்டிலும் ஒன்றே, அதனால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எழுதப் பழகும் முதல் வருடத்திலேயே செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற தப்பு இது. பழைய கம்ப்யூட்டரில் ஆடியது அண்ணி ஒருத்தர் மட்டும். அவருடைய 'லேசு'வை நம்பி மற்ற எல்லோருக்கும் அவகாசத்தை நான் மேலும் நறுக்கினேன். கடைசியில் அண்ணியையே தூக்கி அந்தப் பக்கம் உட்கார வைத்தேன்.

கூடம் நிஜமாகவே கோணல். கோணலாகக் கட்டியவள் நான். ஆடத் தெரிந்தவர் தன் காலில்தான் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் தவித்திருக்கிறார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நான் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். என் தப்பு ஒன்று வெளிப்பட்டு நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். சாப்பாட்டு அறைக்கு ஓடி, பாதிச் சாப்பாட்டில் இருந்த அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

"விடுடி, கை கழுவிட்டு வரேன்!"

"அப்புறம் கழுவலாம், இடது கையிலயா சாப்பிடறீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். வலது கைக்கு ஓய்வு கொடுக்க, கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வரவேற்பறையில் உட்கார வைத்தேன். "இவன்கூட ஒரு தடவை ஆடுங்க. ஒண்ணும் கேக்காதீங்க." தளபதியின் தோள் இறங்கியது. அண்ணியின் கட்டைவிரல் அசைந்தது. வாள் திரும்பித் தெறித்தது. மறுபடி, மறுபடி. நான்காவது அடியில் அவன் விழுந்தான். அண்ணி திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னடி இது?"

சொன்னேன். படக்கணக்கை எல்லாம் மேசையில் விரலால் தட்டித் தட்டிச் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டார். வெட்டுக்காரர் அல்லவா, அளவு என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. "அப்போ அளவுகோலே தப்பு. துணி மேல தப்பில்ல."

"கை மேலயும் தப்பில்ல அண்ணி."

அண்ணி முகத்தைப் புடவைத் தலைப்பில் புதைத்துக்கொண்டு அழுதார். வரவேற்பில் வந்து நின்ற யாரோ ஒருவர் பெயரைப் பதியாமலே திரும்பிப் போனார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நானும் அழுதேன் என்பதை அண்ணனிடம் அவர் பின்னால் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் அவகாசத்தை நொடிக் கணக்குக்கு மாற்றினேன். நான்கு டெஸ்டர்களையும் கூப்பிட்டு, நான் சொன்ன பழமொழியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஒருத்தி, "பரவாயில்லங்க, எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அண்ணி புது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முதல் வேலையாக முப்பத்தொரு பாயிண்டையும் உயிரிலிருந்து பிடுங்கிக் கேடயத்தில் போட்டார். தளபதி இரண்டு நிமிடம் தாங்கினான்.

டம்ளர் ஏன் உடைந்தது என்று பின்னொரு நாள் கேட்டேன். "பயந்தவ கையில எதுதான் நிக்கும்?" என்றார். இருந்தாலும் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். அண்ணனும் வந்தான், தன்னிடம் சொல்லாததற்கு வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு. மருத்துவர் விரலை அழுத்தினார், ஊசிமுனையால் தொட்டார், பிடிமானம் பார்த்தார். "நல்லா இருக்கு. எதுக்கு வந்தீங்க?" என்றார்.

மறுநாள் அண்ணி நோட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். தப்பு சரியாகிவிட்டால் புரோகிராம் எழுதியவர் அடியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர் வைத்த சட்டம். திறந்தேன். பதினேழு 'கை'யையும் அடிக்கோல் வைத்து நேர்க்கோடாக அடித்திருந்தார். பக்கத்தில் பென்சிலால் இல்லை, பேனாவால் எழுதியிருந்தார். காரணம்: நாத்தனார். காரணம்: நாத்தனார். பதினேழு வரியிலும்.

"ஒரு எடத்துல எழுதினா போதாதா அண்ணி?"

"எத்தனை முறைன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? போடு கையெழுத்தை."

பேனாவை வலது கையால் நீட்டினார். வாங்கிப் போட்டேன்.