மாமா சொல்லாத மாத்திரை

பலாப்பழத்தைக் கயிறு கட்டி மரத்திலிருந்து இறக்கும்போது என் மாமா வாய் ஓயாமல் பேசுவார். மேல் கிளையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, காம்பை அறுத்துவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கீழே நிற்கும் என்னைக் கேலி செய்வார். "மச்சான், வாயத் தொறந்துகிட்டு நிக்காத. பழம் வாய்க்குள்ள போவாது, மண்டையிலதான் வுழும்." பேசக் கூச்சப்படுகிற எனக்கு அந்தக் கேலி பிடிக்கும். பதில் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தால் போதும். அவர் என் அக்காவைக் கட்டியவர். அண்ணாகிராமத்துப் பக்கம் வீடு. சொந்தமாக ஒரு மரம்கூடக் கிடையாது. பலாக் காலத்தில் தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்காக மரம் ஏறுவார், பழத்தைத் தோளில் சுமந்து வண்டியில் ஏற்றுவார். மற்ற நாட்களில் முந்திரி மூட்டை தூக்குவார். சாயங்காலம் மரத்தை விட்டு இறங்கியதும் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நிற்பார். அப்போது மட்டும் அவரிடம் பேச்சு இருக்காது.

பிறகு நேராக மருந்துக் கடைக்குப் போவார். ஊரில் அதை மெடிக்கல் என்பார்கள். போய் நின்றாலே போதும். "என்னா தம்பி, ஒடம்பு வலியா?" என்று கேட்டபடியே கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு மாத்திரையாக வெட்டி, செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுப்பார். ஒரு வேளைக்கு உரிய அந்தப் பொட்டலத்துக்குச் செட்டு என்று பெயர். எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. வெள்ளை வலிக்கு, ரோஸ் வயிறு எரியாமல் இருக்க, மஞ்சள் தெம்புக்கு என்று ஊரே ஒரு விளக்கம் வைத்திருந்தது. மாமா கடை வாசலிலேயே விழுங்கிவிட்டுச் சோடா குடிப்பார். காலையில் எழுந்ததும் மறுபடியும் மரம் ஏறலாம். வருடக் கணக்காக இப்படித்தான்.

நான் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை செய்கிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டீ போடுவது, வார்டுகளுக்கும் கூட்டம் நடக்கும் அறைகளுக்கும் எடுத்துப் போவது என் வேலை. மாமாவுக்குக் கால் வீங்குகிறது, காலையில் எழுந்தால் முகம் உப்பியிருக்கிறது என்று அக்கா போனில் சொன்னபோது நான்தான் கிளம்பி வரச் சொன்னேன். வடலூர், புவனகிரி வழியாக பஸ்ஸில் வந்தார்கள். இறங்கும்போதே மாமா செருப்பைக் கையில் வைத்திருந்தார். காலில் நுழையவில்லை. ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இருப்பதையாவது காப்பாற்றலாம் என்று சொல்லிப் படுக்கை கொடுத்தார்கள். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பும் பெரிதாக இல்லை. ஏன் இப்படி ஆனது என்று வார்டில் எல்லோரும் கேட்டார்கள்.

அதைக் கேட்பதையே வேலையாக வைத்திருந்த ஒரு டாக்டரம்மா அங்கே இருந்தார். மேல்படிப்புப் படிக்கிற பெண். வயல் வேலை, தோப்பு வேலை செய்கிறவர்களுக்குக் காரணம் தெரியாமல் கிட்னி கெடுவது ஏன் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகள் மீதுதான் அவருக்குச் சந்தேகம். மாமாவின் கட்டில் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எதற்காகக் கேட்கிறார், அதை என்ன செய்வார் என்பதையெல்லாம் முதலில் பொறுமையாகச் சொன்னார். பெயரோ ஊரோ வெளியே வராது என்றார். பிறகு கேட்டார்.

"வலிக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவீங்களாப்பா?"

"இல்லம்மா."

நான் ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மறந்துவிட்டாரோ என்று நினைத்து, "மாமா, அந்த மெடிக்கல்ல வாங்குவீங்களே" என்றேன். அவர் என்னைப் பார்க்காமலே, "அது எப்பயோ காய்ச்சலுக்கு வாங்குனது" என்றார். டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுதினார்.

அவர் போனதும் கேட்டேன். அதுவே எனக்குப் பெரிய காரியம். மாமா ரொம்ப சாதாரணமாகப் பதில் சொன்னார். "மொதல்ல ஆராய்ச்சின்னு வருவாங்க. பின்னாலயே ஆபீசருங்க ஜீப்பு வரும். அண்ணன் கடைக்குப் பூட்டு போட்டுட்டா, ஊரு சனம் தலவலின்னா எங்க ஓடும்?" மருந்துக் கடைக்காரரை அவர் அண்ணன் என்றுதான் சொல்வார். அக்காவுக்குப் பிரசவ நேரத்தில் வண்டி பிடித்துக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான். புயல் அடித்து ஊரே முடங்கிக் கிடந்தபோது கடையைத் திறந்து வைத்திருந்தவரும் அவர்தான். "உங்க ஒடம்பு என்னா ஆவறது மாமா?" என்றேன். "அது எங்க ஓடிப் போவுது, இங்கதான கெடக்குது" என்று கட்டிலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைக்காரரே ஒரு நாள் அவரைப் பார்க்க வந்தார். ரொட்டி, சாத்துக்குடி, ஒரு புது லுங்கி. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த சொந்தக்காரர்கள்கூட அதிகம் இல்லை. மாமாவின் வீங்கிய காலைத் தன் கையால் அழுத்திப் பார்த்து, "ஒடம்ப இப்புடிக் கெடுத்துகிட்டியேடா" என்று கண் கலங்கினார். அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். வந்திருப்பவர் யாரென்று தெரியாமல் அதே கேள்வியை மறுபடி கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா. வலி மாத்திரை எதாச்சும்?" மாமா கடைக்காரரின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னார், "நமக்கெல்லாம் அந்தப் பழக்கமே இல்லம்மா. கேளுங்க, இவரு எங்க ஊருதான்." கடைக்காரர் சாத்துக்குடியை உரிக்க ஆரம்பித்தார்.

அன்று நான் டாக்டரம்மாவுக்கு டீ கொண்டுபோனபோது, வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவர் ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும்ண்ணே. இவரு மட்டுமில்ல, கேக்குற எல்லாரும் இல்லன்னுதான் சொல்றாங்க. அப்ப எல்லாருக்கும் கிட்னி தானாவா கெட்டுப் போவுது?" என்றார். அவர் குரலில் சலிப்பு தெரிந்தது. "நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா நான் நம்புறதெல்லாம் ஆராய்ச்சியில எழுத முடியாது. அவரு வாயால சொல்லணும். இல்லாட்டி அந்த மாத்திரையாச்சும் வேணும். என்ன மாத்திரைன்னு தெரியாம அத வெச்சு நான் என்ன சொல்றது?"

அக்காவிடம் சொல்லி, வீட்டில் மீதம் கிடந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வரச் சொன்னேன். டாக்டரம்மா அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் புரட்டிப் பார்த்தார். வெட்டிய துண்டுகளில் பெயர் முழுசாக எதிலும் இல்லை. பெயர் இருந்த பக்கம் கடையிலேயே நின்றுவிட்டது. ஒன்றிரண்டை என்னவாக இருக்கும் என்று ஊகித்தார். அதோடு விடாமல் மாமாவின் கட்டிலுக்கு நேராக நடந்தார். நானும் அக்காவும் பின்னாலேயே போனோம். இதற்கு மேல் மறைக்க முடியாது, இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

"இது யாருதுப்பா? உங்க வீட்டுல இருந்துதான் வந்துருக்கு."

மாமா குனிந்து நன்றாகப் பார்த்தார். "இதா? இது எங்க வூட்டுக்காரி சாப்பிடறதும்மா. அவளுக்கு இடுப்பு வலி ஜாஸ்தி."

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாம்மா, என்னுதுதான்" என்றாள்.

டாக்டரம்மா என்ன செய்வார். அக்காவை உட்கார வைத்து இந்த மாத்திரைகளைத் தொடக்கூடாது என்று நெடுநேரம் எடுத்துச் சொன்னார். அக்கா தலையாட்டிக்கொண்டிருந்தாள். சொல்லும்போதெல்லாம் டாக்டரம்மாவின் பார்வை மாமா மேல்தான் இருந்தது. மாமா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வராண்டாவில் நின்று அந்த மூடியைத் திருகித் திருகி மூடியதுதான் என்னால் முடிந்த கோபம்.

வீக்கம் வடிந்து வீட்டுக்குப் போனார். சொன்ன பத்தியத்தையெல்லாம் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார் என்பதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. உப்பைக் குறைத்தார். இளநீர் வேண்டாம் என்றார்கள், தொடவில்லை. பலாப்பழம் கூடாது என்றார்கள். வாழ்நாள் முழுக்க அந்த வாசனையிலேயே கிடந்த மனிதர் ஒரு சுளைகூட வாயில் வைக்கவில்லை. அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். "மச்சான், தோப்பே என் கையில இருக்குது. ஆனா நாக்குல படல பாரு." அந்த வருடத்துப் பலாக் காலம் வந்ததும் மரம் ஏறினார். ஏறினால் வலிக்கும். வலித்தால் மெடிக்கல். போனில் நான் கேட்கும்போதெல்லாம், "டாக்டரம்மா சொன்னத மீறுவனா?" என்பார். பத்தியம் வேறு, மாத்திரை வேறு என்று அவர் மனதில் எங்கோ ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டை யாராலும் அழிக்க முடியவில்லை. மறுபடி வீங்கி வந்தபோது மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. அதற்காக, கிட்டே இருந்த கடலூர் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். மழைக்காலத்தில் ஒரு நாள் பஸ் ஏற முடியாமல் வீட்டிலேயே படுத்தவர், எழுந்திருக்கவில்லை. பாடை தூக்கிய நாலு பேரில் மருந்துக் கடைக்காரரும் ஒருவர். நடித்து அழவில்லை. உண்மையாகவே அழுதார்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து, ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் அந்த டாக்டரம்மா தன் ஆராய்ச்சியைப் பெரிய டாக்டர்கள் முன்னால் சொன்னார். நான் டீயும் பிஸ்கட்டும் கொண்டுபோயிருந்தேன். பாதிக்கு மேல் இங்கிலீஷ். ஆனால் இடையிடையே தமிழில் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது. தான் விசாரித்த நோயாளிகளில் பெரும்பாலோர் வலி மாத்திரை சாப்பிட்டதில்லை என்று சொன்னார்கள், அதனால் காரணம் அதுதான் என்று நிறுவ முடியவில்லை, அவர்கள் சொன்னது முழு உண்மையா என்ற சந்தேகமும் தனக்கு இருக்கிறது என்றார். ஒரு பெரிய டாக்டர், சந்தேகத்துக்கு ஆதாரம் வேண்டுமே என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். அப்படியானால் வெயிலா, குடிதண்ணீரா, பயிருக்குத் தெளிக்கும் மருந்தா என்று பேச்சு வேறு பக்கம் போயிற்று. நான் தட்டை ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றேன். அந்தக் கணக்கில் என் மாமாவும் ஒருவர். ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாமல் கிட்னி கெட்டுப்போன மனிதராக அங்கே இருந்தார். அவரைப் போல எத்தனை மாமாக்கள் அதில் உட்கார்ந்திருந்தார்களோ.

எல்லோரும் கலைந்த பிறகு டாக்டரம்மா என்னிடம் வந்தார்.

"மாமா எப்படி இருக்காருண்ணே?"

"போயிட்டாரும்மா. மழையில."

அவர் கையிலிருந்த டீயைக் குடிக்கவில்லை. கீழே வைத்தார். "கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையா?"

"இல்லம்மா."

பிறகு டாக்டரம்மா படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்.

மனசு ஆறாமல் ஒரு முறை மருந்துக் கடைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றவனிடம் கடைக்காரரே பேசினார். "நீ என்ன நெனச்சுகிட்டு வந்துருக்கன்னு தெரியுது தம்பி. வலிக்குதுன்னு வந்து நிக்கிறவன என்னா சொல்லி அனுப்பறது, நீயே சொல்லு. நான் குடுக்கலன்னா பண்ருட்டிக்கு பஸ் ஏறிப் போயி வாங்குவான். அங்க இவன் யாருன்னுகூடத் தெரியாது." அதற்குள் தோப்பிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

மாமா மேல் கோபம் வருகிறது. ஒரே ஒரு 'ஆமாம்' சொல்லியிருந்தால் அவரும் மிஞ்சியிருக்கலாம், அவருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் ஒரு ஆதாரம் மிஞ்சியிருக்கும். ஆனால் அவர் பொய் சொன்னது தனக்காக அல்ல என்பதால் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மாமா போன பிறகு முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கப் போகிறாள். நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிற வேலை. வேலை முடிந்து வந்ததும் வராததுமாக முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தாள். டாக்டரம்மா சொன்னது, மாமா கிடந்தது, மெஷின், எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரிடா. வலிக்குதே, அதுக்கு என்னா பண்றது?"

நான் ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். வந்தால் நாள் கூலி போகும், வேலையைக் குறைக்கச் சொல்வார்கள், குறைத்தால் சோறு எங்கே என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும். சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து, மாத்திரைகளை வாயில் போட்டு, அண்ணாந்து குடித்தாள். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்கற? உங்க ஆஸ்பத்திரில வந்து கேட்டாங்கன்னா, நான் எதுவும் சாப்பிடறதில்லன்னு சொல்லிடுறேன். போதுமா?"