நூறு முதல் இருநூற்று நாற்பது வரை

என் பெரியப்பா மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. இன்றுவரை தனக்கென்று ஓர் அறையில் அவள் படுத்ததில்லை. சின்ன வயதில் தம்பியோடு. பிறகு ஏழு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த பெரியம்மாவின் கட்டிலுக்குக் கீழே. அதன் பிறகு தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில். ஆறு வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு நான் பெட்டியோடு வந்து நின்றபோது, அதே அறையில் எனக்கும் ஒரு பாய் விழுந்தது.

"வாடி, கூட்டம் பத்தாம இருந்துச்சு" என்று இடம் ஒதுக்கினாள் அக்கா.

பள்ளியில் தட்டச்சில் முதலாவதாக வந்தவள். பெரியப்பா போனதும், தம்பி படிக்கட்டும் என்று இவளை நிறுத்தினார்கள். அவன் படித்து முடித்ததும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். அம்மா இறந்த அதே வருடம் அவனுக்கு முதல் குழந்தை பிறந்தது. "எனக்கு ரிட்டையர்மென்ட்டே கிடையாதுடி. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும்தான் யாரும் குடுக்கல" என்பாள்.

முப்பத்தாறு வயதில் தானாகத் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்த வேலை. இன்சூரன்ஸ் விசாரணைகளின் ஒலிப்பதிவு கம்பெனியிலிருந்து வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்கிறதை ஒரு சொல் விடாமல் லேப்டாப்பில் அடித்து அனுப்ப வேண்டும். காலடியில் தையல் மெஷினில் இருப்பது போல ஒரு பெடல். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். "ஆம்பளைங்க பேச்சை நிறுத்தறதுக்குன்னு பொம்பளை காலுக்குக் கிடைச்ச ஒரே மெஷின்" என்று அதைக் காட்டிச் சிரிப்பாள். ஒருவன் தொண்டையைச் செருமுவதிலேயே அவன் பொய் சொல்லப்போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் எழுத முடியாது. கேட்டதைத்தான் எழுத வேண்டும், தெரிந்ததை அல்ல.

நான் வருவதற்கு முன்பே கம்பெனி ஓர் அறிவிப்பு அனுப்பியிருந்தது. தொண்ணூறு நாள் ஒரு வேலைகூடத் தாமதமாகாமல் முதலில் முடிக்கிறவருக்குத் தலைமை அலுவலகத்தில், மற்றவர்கள் அடித்ததைக் கேட்டுச் சரிபார்க்கும் திருத்துநர் வேலை. வேறு ஊர். பெண்கள் விடுதியில் தனி அறை. அந்த அறையின் படத்தைக்கூடப் போட்டிருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு. அக்கா படத்தைப் பெரிதாக்கி அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருப்பாள். லேப்டாப் திரையின் மேல்மூலையில் பச்சை நிறத்தில் நாள் கணக்கு ஓடியது. நான் வந்த அன்று நாற்பத்தேழு.

அறுபதாவது நாள் வாக்கில் வீட்டுக்கு இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வந்தது. ஸ்டெபிலைசர் வரவில்லை. வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. அக்கா தான் சம்பாதித்து வாங்கி, மேஜைக்கு அடியில் வைத்திருந்தது. எங்கள் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் குறைந்து, ஃபேன் இறக்கைகளை எண்ணிவிடலாம். குழல்விளக்கு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி ஒருவழியாக எரியும்.

"அக்கா, உன் ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்குக் குடு. அடுத்த மாசம் உனக்குப் புதுசு வாங்கிடலாம்" என்றான் தம்பி.

"என் மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" அக்கா அவனிடம் எதிர்க்கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அவன் என் பக்கம் திரும்பினான். "ஊர்சுத்தி, நீ சொல்லு. நீதான் எல்லா ஊர்லயும் லேப்டாப்பைச் சொருகிப் பாத்தவ."

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. அக்காவின் அடாப்டரைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை உரக்கப் படித்தேன். நூறு முதல் இருநூற்று நாற்பது வோல்ட் வரை. "அக்கா, நூத்திப்பத்து வோல்ட் ஊர்லயும் இருந்திருக்கேன், இருநூத்தி முப்பது ஊர்லயும் இருந்திருக்கேன். ஒரே அடாப்டர்தான், சொருகுற பின்னை மட்டும் மாத்துவேன். உன்னோடது நூறு வோல்ட்லயே ஓடும். நம்ம வீட்ல எவ்வளவு குறைஞ்சாலும் நூத்தி நாப்பதுக்குக் கீழ போறதில்ல. ஃபிரிட்ஜுக்குத்தான் குறைஞ்சா கம்ப்ரஸர் போயிடும்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் நான் பார்த்தது முதல் எண்ணை மட்டும். இரண்டாவது எண்ணையும் வாய் படித்தது, மனசு படிக்கவில்லை. கரன்ட் கூடிப்போகும் என்று அந்த வீட்டில் யாருமே பயந்ததில்லை. பட்டினி கிடக்கிறவனிடம் அஜீரணத்துக்கு மருந்து வாங்கி வைத்துக்கொள் என்றால் சிரிக்கமாட்டானா?

"பாத்தீங்களா அண்ணி, விஷயம் தெரிஞ்சவங்களே சொல்லிட்டாங்க" என்றாள் தம்பி மனைவி. "உங்க மெஷினும் உங்களை மாதிரிதான். எதையும் தாங்கும்."

அக்கா எழுந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து, ஸ்டெபிலைசரை எடுத்துத் தூசி துடைத்து, தானே சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு உறுத்தியது. கடைக்குப் போய், சிவப்பு விளக்கு எரிகிற ஸ்பைக் கார்டு பிளக் பலகை ஒன்று வாங்கிவந்து அவள் மேஜையில் மாட்டினேன். இதுவும் பாதுகாப்புதான் என்றேன். அக்கா தலையாட்டினாள்.

எண்பத்து நான்காம் நாள் மதியம் இரண்டரை மணி. ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டிய விசாரணையில் கடைசி இருபத்தைந்து நிமிடப் பேச்சு மிச்சம். ஃபேன் திடீரென்று ஹெலிகாப்டர் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. விளக்கு, நாங்கள் யாரும் அதுவரை பார்க்காத வெளிச்சத்தில் எரிந்தது. பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. "அத்தை, நம்ம வீட்டு ஃபேன் பறக்கப்போவுது!"

அக்கா ஹெட்போனைக் கழற்றுவதற்குள் டிவி பெட்டியில் ஒரு சத்தம். பிளக் பலகை புகைந்தது. அடாப்டர் 'பட்' என்றது, ஒரே ஒரு தடவை. கருகிய பிளாஸ்டிக் நாற்றம். தம்பி மனைவி ஓடிப்போய் மெயினை அணைத்தாள். லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. பழைய பேட்டரி, அரை மணி நேரம் தாங்கினால் அதிசயம்.

வாசலில் லைன்மேன் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தார். "கம்பத்துல நியூட்ரல் கம்பி அறுந்துபோச்சு. அது போனா பக்கத்து லைன் கரன்ட்டும் சேந்து உங்க வீட்டுக்குள்ள வந்துடும்."

பக்கத்துத் தெருவில் கரன்ட் இருந்தது. அடாப்டர் பிழைத்திருந்தால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டிலாவது உட்கார்ந்து முடித்திருக்கலாம். என் அடாப்டரின் முனை வேறு, அவளுடையதில் நுழையாது. வேலையை என் லேப்டாப்புக்கு மாற்றவும் முடியாது, கம்பெனியில் பதிவான மெஷினில்தான் திறக்கும். கருகிய அடாப்டரை எடுத்துக்கொண்டு, 'லேப்டாப் டாக்டர்' என்று போர்டு போட்ட கடைக்கு ஓடினேன். அவர் அதைப் பிளந்து, வீங்கி வெடித்திருந்த கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால் தட்டிக் காட்டினார்.

"இதுக்கு உச்சம் இருநூத்தி நாப்பது. இன்னும் ஒரு இருவது கூடினாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாங்கும். வந்தது முன்னூத்தி எண்பதுக்கு மேலம்மா. கொறஞ்சா மயக்கம்தான், கூடினாத்தான் சாவு."

"ஸ்பைக் கார்டு போட்டிருந்தோமே?"

"அது கண்ணிமைக்கிற நேரத்துக்கு வர்ற அடியை வாங்கிக்கும். நின்னு அடிச்சா அதுவும் சேந்து சாகும். கூடினா கட் பண்ற ஸ்டெபிலைசர் ஒண்ணு வெச்சிருக்கணும். வீட்ல இல்லையா?"

இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்த முனைக்கு வேறு அடாப்டர் கேட்டேன். நாளைக்கு வரும் என்றார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஐந்து மணி தாண்டி வெறுங்கையோடு திரும்பினேன்.

தெருவில் கரன்ட் வந்திருந்தது. சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம். ஸ்டெபிலைசர் சரியான நேரத்தில் கட் பண்ணி அதைக் காப்பாற்றியிருந்தது. "நல்லவேளை, மாத்தி வெச்சோம். இல்லேன்னா புது ஃபிரிட்ஜ் போயிருக்கும்" என்று தம்பி யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தான். அக்கா அறையில் இருந்தாள். பேட்டரி தீரும்வரை அடித்திருக்கிறாள். கடைசிப் பதினேழு நிமிடப் பேச்சு பாக்கி. மேலாளருக்குப் போனில் தகவல் அனுப்பியிருந்தாள். 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று தொடங்கிய பதில், விதியில் முடிந்திருந்தது.

மறுநாள் காலை புது அடாப்டரில் மிச்சத்தை முடித்து அனுப்பினாள். பச்சை எண் மறுபடி ஒன்றுக்குப் போயிருந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான் அக்கா" என்றான் தம்பி. "நீ இல்லேன்னா பசங்க ஏங்கிப்போயிடுவாங்க."

"ஆமா, ஏங்கிப்போயிடுவாங்க. அவங்க குண்டியை யாரு கழுவறது?" என்றாள் அக்கா. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அன்று நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தவில்லை. நானும் ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"நீ எத்தனை ஊருக்குப் போயிருப்பே?"

எண்ணிப் பார்த்தேன். பதினாலு என்றேன்.

"எனக்கு ஒரே ஒரு ஊருக்குப் போகணும்னு இருந்துச்சு" என்றாள். பிறகு நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையைப் பிடுங்கி, பிரித்து, திரும்பச் சரியாக மடித்தாள்.

அடுத்த வாரம் இன்னொரு பெண் தொண்ணூறு நாளை முடித்தாள். இருபத்து நான்கு வயது. திருத்துநர் வேலை அவளுக்குப் போனது. ஆனால் அவளுக்குக் காது பத்தாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற இடம் வந்தால் திணறிப்போய் அக்காவுக்குப் போன் செய்வாள். "மேடம், ஒரு துண்டு அனுப்பறேன். என்ன சொல்றாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்." ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. அக்கா கேட்டுச் சொல்வாள். அதற்கெல்லாம் கூலிக் கணக்குக் கிடையாது.

"ஏன்க்கா சொல்றே? முடியாதுன்னு சொல்லேன்" என்றேன்.

"தப்பா எழுதினா செத்தவன் வீட்டுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமப் போகும். அவன் என்ன பண்ணான்?"

நேற்றும் போன் வந்தது. அக்கா ஒலித்துண்டை இரண்டு தடவை கேட்டு, எந்தக் குரல் எதைச் சொன்னது என்று பிரித்துச் சொன்னாள். அந்தப் பெண் நன்றி சொல்லி வைக்கப்போனாள்.

"இரு" என்றாள் அக்கா. "உன் ரூம் எப்படி இருக்கு?"

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க மேடம். ராத்திரி தனியாப் படுக்கவே பயமா இருக்கு. பக்கத்து ரூம் பொண்ணுகூடப் போய்ப் படுத்துக்கறேன்."

அக்கா கீழே குனிந்து பார்த்தாள். பிள்ளைகள் இரண்டும் அவள் மேஜைக்கு அடியில் புகுந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"தாழ்ப்பாளைப் போட்டுட்டுப் படும்மா. பழகிடும்" என்றாள்.