அம்மா அணியும் மகள் அணியும்

அவளுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அவள் ‘ஸ்பிரிங்’தான். பள்ளிப் பருவத்தில் கூடைப்பந்து ஆட வந்தபோது ஆள் குள்ளம். தன்னைவிட ஒரு முழம் உயர்ந்தவர்களுக்கு நடுவில் எம்பிக் குதித்துப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினாள். வேடிக்கை பார்த்த யாரோ, “இவ கால்ல ஸ்பிரிங் வச்சுத் தச்சிருக்காங்கப்பா!” என்று கத்த, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அறுபதை நெருங்குகிறாள். மாடிப்படி ஏறினால் இரண்டு முட்டியும் துருப்பிடித்த கீல் மாதிரிச் சத்தம் போடும். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகளும் விளக்குமாகப் பளபளக்கும். அவளுடைய ராஜ்யம் பின்பக்கத்துச் சின்ன அறை. லென்ஸைத் தீட்டும் இயந்திரத்திலிருந்து வெள்ளைச் சேறு வடிந்துகொண்டிருக்கும். மூக்குப் பட்டை, கொசுத் தலை அளவு திருகாணி, சட்டத்தைச் சூடுபடுத்த ஒரு மணல் தட்டு, இவைதான் அவளுடைய தளவாடங்கள். யாருடைய முகத்தைப் பார்த்தாலும் முதலில் காதுதான் கண்ணில் படும். மனிதர்களுக்கு இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை என்பது அவளுடைய முடிவு.

அவள் ஆடிய நகர விளையாட்டுக் கழகம் ஒரு வருடம் சாம்பியன் கோப்பையை வென்றது. அந்த அணியில் அவளுடைய உயிர்த்தோழி நெட்டை. இவள் பந்தைப் பறிப்பாள், அவள் “மேல!” என்று குரல் கொடுப்பாள், இவள் கண்ணை மூடிக்கொண்டு மேலே எறிவாள், அவள் பிடித்துக் கூடையில் போடுவாள். அதற்கப்புறம் ஸ்பிரிங்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசாத மனிதர், பேசினால் சிரிக்க வைப்பார். ஒரே மகள். அப்பாவின் உயரம். அதே கழகத்தில் சேர்ந்தாள். போன இடமெல்லாம், “ஸ்பிரிங் பொண்ணா நீ? எங்க, ஒரு எம்பு எம்பு பார்க்கலாம்” என்றார்கள். மகளுக்கு எம்ப வராது. ஆனால் குறுக்கே நின்றால் யாராலும் தாண்டிப் போக முடியாது. அவளுக்கு ‘மதில்’ என்று பெயர் வந்தது. அவள் காலத்திலும் கழகம் கோப்பையை வென்றது. வென்ற அன்று எல்லாரும் கட்டிப்பிடித்துக் கொண்டாட, அம்மாக்காரி மட்டும், “கடைசியில ஒரு பந்தை விட்டுட்டியேடி” என்றாள். மகள் இப்போது பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், கல்யாணமாகித் தனி வீடு. அந்த வார்த்தையை மட்டும் அவள் மறக்கவில்லை.

கழகத்தின் ஆண்டு விழா வந்தது. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் இருந்தார். எதற்கெடுத்தாலும் புள்ளிவிவரம் சொல்வதால் அவருக்குப் ‘புள்ளி’ என்று பெயர். பெரிய புள்ளியா என்று கேட்டால், “இல்லீங்க, வெறும் புள்ளி” என்பார். அவருக்கு ஒரு யோசனை. கழகம் நான்கு வெவ்வேறு காலத்தில் கோப்பை வென்றிருக்கிறது. அந்த நான்கு அணிகளையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, ஒன்றோடு ஒன்று மோத விட்டால்?

அதற்காக அவர் ஸ்பிரிங்கைத் தேடிக் கடைக்கே வந்தார். வாடிக்கையாளர் உட்காரும் உயர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அக்கா, நீங்க எவ்வளவு உயரம் எம்புவீங்க?” என்றார்.

“அதை யாருப்பா அளந்து பார்த்தாங்க?”

“தோராயமாச் சொல்லுங்க. தூரத்துல இருந்து எத்தனை கூடை போட்டிருப்பீங்க? இப்பல்லாம் அதுக்கு மூணு புள்ளி.”

“எங்க காலத்துல அந்தக் கோடே கிடையாது. கிட்டக்க போட்டாலும் ரெண்டு, எட்டக்க போட்டாலும் ரெண்டு.”

“அதான் அக்கா கேக்கறேன்.”

யோசித்தாள். தூரத்திலிருந்து போட்டிருக்கிறாள்தான். ஆனால் எவ்வளவு தூரம்? கோடே இல்லாதபோது அதற்கு வெளியே நின்றோமா உள்ளே நின்றோமா என்று எப்படிச் சொல்வது? தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “சுமாராப் போட்டுக்கோங்க” என்றாள். நெட்டையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் வாய் ஓயவில்லை. நெட்டை இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. செத்துப்போனவளைச் சுமார் என்று எப்படிச் சொல்வது?

விழா அன்று மதியம் கழகத்தின் கூடத்தில் பெரிய திரை கட்டி, நாற்காலி போட்டிருந்தார்கள். நெட்டையின் கணவரும் வந்திருந்தார். பேக்கரி வைத்திருப்பவர். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை, யாரையோ பெண் பார்க்க வந்தவர் போல ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் நெட்டையைக் கட்டியது அவள் ஆட்டத்தை விட்ட பிறகு. அவள் ஆடி அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

திரையில் பொம்மைப் பெண்கள் ஓடினார்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே ஓட்டம். உயரமும் முதுகு எண்ணும்தான் வேறு. ஏழாம் எண் தான்தான், பதினோராம் எண் நெட்டை என்று தெரிந்துகொள்ளவே ஸ்பிரிங்குக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா அணி ஆரம்பகால அணியைத் தோற்கடித்தது. மகள் அணி இப்போதைய அணியைத் தோற்கடித்தது. இறுதிப் போட்டி அம்மாவுக்கும் மகளுக்கும் என்றானது. கூட்டம் ஆரவாரம் செய்தது. லிஃப்ட்காரர் இரண்டு அணிக்கும் கை தட்டினார்.

ஆட்டம் சமமாகப் போனது. முடியப் போகிற நேரத்தில் ஏழாம் எண் மகளின் எண்ணைத் தாண்டி எம்பி, பந்தைக் கூடைக்குள் போட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் அம்மா அணிக்கு வெற்றி! ஸ்பிரிங் தன்னை அறியாமல் எழுந்து கை தட்டிவிட்டாள். முட்டி வலித்ததுகூடத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் மகளின் முகம் தொங்கிப்போயிருந்தது. தட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

“அம்மா, என்னைத் தாண்டி உன்னால அப்படிப் போட்டிருக்க முடியாது” என்றாள் மகள்.

“ஏன் முடியாது? நான் எம்புவேன்.”

“எம்பினா நான் தட்டி விடுவேன்.”

“தட்டறதுக்குள்ள பந்து போயிருக்கும்.”

“சரி சரி, ஆட்டம்தான் முடிஞ்சு போச்சே” என்றார் லிஃப்ட்காரர்.

“எந்த ஆட்டம்?” என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

ஸ்பிரிங் நேராகப் புள்ளியிடம் போனாள். தன் பெண்ணின் திறமையைக் குறைத்து ஏற்றிவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். வெற்றி பெற்றவளே புகார் சொல்ல வந்ததைப் பார்த்து அவர் திகைத்தார். “ஒண்ணும் குறைக்கல அக்கா. வேணும்னா மறுபடி ஓட்டறேன் பாருங்க.”

ஓட்டினார். இந்த முறை மகள் அணி அபாரமாக வென்றது. ஏழாம் எண் ஐந்து ஃபவுல் செய்து பாதியிலேயே வெளியேற்றப்பட்டது.

“என் ஆயுசுல நான் ஃபவுல்ல வெளியே போனதில்லப்பா!”

மூன்றாம் முறை ஓட்டினார். வேறு முடிவு. நான்காம் முறை இன்னொன்று.

“இதுல எதுப்பா நிஜம்?”

“அப்படி ஒண்ணு இல்லக்கா. வீட்டுல ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தேன். பாதிக்குக் கொஞ்சம் கம்மியா நீங்க ஜெயிக்கிறீங்க.”

“ஆயிரம் தடவையா? எனக்குத் தெரியாம நான் ஆயிரம் தடவை ஆடியிருக்கேனா?” என்றாள். சிரிப்பதா கோபப்படுவதா என்று புரியவில்லை. அந்த ஆயிரத்தில் எத்தனை முறை கீழே விழுந்தோம், எத்தனை முறை மகளை இடித்துத் தள்ளினோம் என்று யோசித்தபோது தலை கிறுகிறுத்தது.

கழகச் செயலாளர் முதல் ஆட்டம்தான் கணக்கு என்று அறிவித்து, விழாக் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். ஆடாத ஆட்டத்துக்கு வாங்கிய கோப்பை கனமாகத்தான் இருந்தது. பேசச் சொன்னார்கள். “ரொம்ப சந்தோஷம்” என்றாள். சந்தோஷம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

கூடம் காலியானபோது பேக்கரிக்காரர் அருகில் வந்தார். கண் சிவந்திருந்தது. “தங்கச்சி, அந்தப் பதினோராம் நம்பர்... அவ இப்படித்தான் ஓடுவாளா?”

“ஆமாண்ணே. அச்சு அசல் இப்படியேதான்” என்றாள் அவள். அந்த மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

சொல்லி வாய் மூடவில்லை, அவளுக்கே சந்தேகம் வந்தது. நெட்டை எப்படி ஓடுவாள்?

மறுநாள் கடையில் லென்ஸைத் தீட்டிக்கொண்டே நினைத்துப் பார்த்தாள். “மேல!” என்ற குரல் காதில் கேட்டது. நெட்டையின் முழங்கைத் தழும்பு, ஜடையைக் கடித்துக்கொண்டு ஷூ நாடா கட்டும் விதம், தோற்றால் ஓவென்று அழுவது எல்லாம் வந்தது. ஓட்டம் மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் திரையில் தரையைத் தொடாமல் வழுக்கிப் போன பதினோராம் எண்தான். தலையை உதறிவிட்டு மறுபடி நினைத்தாலும் அதுவே குறுக்கே வந்து நின்றது. பழைய தோழி ஒருத்திக்குப் போன் செய்தாள். “நெட்டையா? ஒட்டகம் மாதிரி ஓடுவாளே” என்றாள் அவள். இன்னொருத்தி, “அவ எங்கடி ஓடினா? ஓடினதெல்லாம் நாமதான். அவ கூடைக்குக் கீழ நட்டு வச்ச மாதிரி நிப்பா” என்றாள். இரண்டும் சரி போலவும் இருந்தது, இரண்டும் தப்பு போலவும் இருந்தது. அன்றைக்கு ஒரு லென்ஸை ஓரம் அதிகமாகத் தீட்டிப் பாழாக்கினாள். கடை முதலாளி ஒரு பார்வை பார்த்தார்.

சில நாள் கழித்துப் பேக்கரிக்காரர் கடைக்கு வந்தார். கண்ணாடியில் காதில் மாட்டும் கால் ஒன்று வளைந்து போயிருந்தது. அவள் அதை வாங்கி மணல் தட்டில் செருகினாள். சூடு ஏறும்வரை சும்மா இருக்க முடியவில்லை.

“அண்ணே, அன்னிக்கு ஆமான்னு சொல்லிட்டேன். யோசிச்சுப் பார்த்தா எனக்கு ஞாபகமே வரல. அவ எப்படி ஓடுவான்னு நிஜமாவே தெரியல.”

அவர், “நானும் அவ ஓடிப் பார்த்ததில்ல தங்கச்சி. அடுப்புல ரொட்டி கருகுதுன்னு நான் கத்தினாக்கூட நடந்துதான் வருவா. அதான் கேட்டேன்” என்றார். சட்டைக் கைப்பித்தானைத் திருகிக்கொண்டே, “அது அவ இல்ல, யாரோ ஒரு பொம்மைன்னு தெரியுது. தெரிஞ்சும் கண்ணு அது பின்னாடியே போகுது. அந்தப் புள்ளி தம்பி எனக்குப் படத்தை அனுப்பிட்டாரு. தினம் பார்க்கறேன். பார்க்கலாமா கூடாதான்னும் புரியல” என்றார்.

அவளுக்கும் புரியவில்லை. கண்ணாடிக் கால் இளகியதும் நிமிர்த்தி, அவர் முகத்தில் மாட்டி, இரண்டு காதின் பின்னாலும் விரலால் தடவிப் பார்த்தாள். “சரியா இருக்காண்ணே?”

“இந்தப் பக்கம் கொஞ்சம் இறுக்குது.”

கழற்றிக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தாள். அவர் போன பிறகு, மனதில் இருந்த பாரம் இறங்கியதா ஏறியதா என்று பிடிபடாமல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் வேறொரு கூத்து தொடங்கியிருந்தது. மகள் புள்ளியிடமிருந்து அந்த புரோகிராமை வாங்கித் தன் லேப்டாப்பில் போட்டுக்கொண்டாள். முன்பெல்லாம் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காதவள், இப்போது பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக அம்மா வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அம்மாவையும் தன்னையும் மோத விட்டாள்.

“இன்னிக்கு யாருடி?” என்பாள் ஸ்பிரிங், அடுப்பைப் பார்த்தபடியே.

“நாங்க.”

மனது சற்றுச் சுணங்கும். அதே சமயம் மகள் ஜெயித்தாளே என்று குளிரவும் செய்யும். மறுநாள் “நீங்க” என்றால் அதே இரண்டும் இடம் மாறி வரும். எந்த அணி ஜெயிக்க வேண்டும் என்று தனக்கு ஆசை என்பதை அவளால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. லிஃப்ட்காரர், “மேல போகுதா கீழ போகுதான்னு தெரியாம நடுவுல நிக்குது உங்க லிஃப்ட்டு” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டார்.

ஒரு சாயங்காலம் மகள் உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

“தோத்துட்டியா?”

“இல்ல. இன்னிக்கு உன்னையும் என்னையும் ஒரே டீம்ல போட்டேன்.”

ஸ்பிரிங் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “ஜெயிச்சோமா?”

“பாதியிலேயே நிறுத்திட்டேன்.”

“ஏண்டி?”

“நீ எனக்குப் பாஸே குடுக்கல. எல்லாப் பந்தையும் நெட்டை அத்தைக்கே போடறே.”

“நான் குடுப்பேன்டி! அது கிடக்குது பொம்மை, அதுக்கென்ன தெரியும்?”

“அதுல இருக்கறது நீ சொன்ன கணக்குதானேம்மா.”

குடுத்திருப்பேனா? நெட்டை “மேல!” என்று கத்தும்போது, இந்தப் பக்கம் மகள் கையை உயர்த்திக்கொண்டு நின்றிருந்தால், பார்த்திருப்பேனா? ஆம் என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியை மகள் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

“மறுபடி ஓட்டு. நான் பார்க்கணும்” என்றாள்.